இழுவை

தார்ச்சாலை முடிகிற இடத்தில்
மாமுகா இறங்கி, இரண்டு டயரிலும்
கொஞ்சம் காற்றை வெளியே விட்டான்.
"சரளைக்கு இளகின டயர்தான் சரி.
விறைத்துக்கொண்டு போனால் தூக்கி எறிந்துவிடும்."
அவனுக்கு விவாகரத்தாகிப் பதினோரு நாள்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
காற்று போகும் சத்தத்தைக் கேட்டபடி நின்றோம்.

நாலு பேர் நாங்கள்.
குவான்ட்சா பல் வைத்தியர்.
ஏற்றத்தில் எண்ணிக்கொண்டே வருவாள்,
மிதிகளையல்ல, இந்த வருடம் பிடுங்கிய பற்களை.
ஸாஸாவுக்குத் தெலாவியில் ரொட்டிக்கடை,
அவன் பையில் ஆறு கிலோவும் சாப்பாடு.
வரைபடம் என்னிடம் இருந்தது.
இருப்பதே ஒரு சாலை என்பதால்
அது எதற்கும் உதவவில்லை.

முதல் நாள் ஆறு கூடவே வந்தது,
நாங்கள் பேசியதையெல்லாம் அதுவே பேசி முடித்தது.
இரண்டாம் நாள் சாலை
மலையின் இடுப்பைப் பற்றிக்கொண்டது.
ஒரு பக்கம் கசிகிற பாறை.
மறுபக்கம் என்று ஒன்று இல்லை.

வளைவுக்கு வளைவு கறுப்புக் கல்லில் ஒரு முகம்.
லாரிக்காரர். பாலாடைக்கட்டி ஏற்றிப் போனவர்.
சரிந்த மண்ணோடு போன அண்ணனும் தம்பியும்.
கல்லடியில் ஒரு பாட்டில், கவிழ்த்த கோப்பைகள்.
கடந்து போகிறவர்
ஒரு வாய் மண்ணுக்கு ஊற்றி, ஒரு வாய் குடிக்க வேண்டும்.
"இப்படியே போனால்
கணவாய்க்குத் தவழ்ந்துதான் போய்ச் சேருவோம்" என்றாள் குவான்ட்சா.
ஆனாலும் எல்லாக் கல்லிலும் இறங்கினாள்,
பெயரைச் சத்தமாக வாசித்தாள்,
பிறந்த வருடத்தோடு.

பிறகு நாய்கள்.
காது நறுக்கிய ஐந்து நாய்கள்,
அவற்றின் பின்னே மலையே நகர்வதுபோல் ஆடுகள்.
மிதித்துத் தப்பப் பார்க்காமல்
சைக்கிளைக் கேடயமாக்கி நின்றோம்.
மேய்ப்பர் விசில் அடித்தார், அவசரமே இல்லாமல்.
சைக்கிள் என்ன விலை என்றார்.
ஸாஸா மூன்றில் ஒரு பங்கைச் சொன்னான்.
"அந்தக் காசுக்குக் குதிரையே வரும்,
அதற்குப் புல் போதும்."
பதிலுக்கு எங்களிடம் ஒன்றுமில்லை, ரொட்டியைத் தவிர.

கணவாய்க்கு ஒன்பது கிலோமீட்டர் இருக்கையில்
மாமுகாவின் பின்சக்கரத்துக்குள்ளே
ஏதோ கழன்றது.
மிதி சுற்றியது, சங்கிலி சுற்றியது,
சக்கரம் யாருக்கோ வந்ததுபோல் நின்றது.
மூன்று பேர் முழங்காலிட்டு
கிரீஸும் கெட்ட வார்த்தையுமாக ஒரு மணி நேரம்.
ஆகவில்லை.

பழைய ட்யூப் இரண்டை முடிச்சிட்டு
ஒரு முனை என் இருக்கையில்,
மறுமுனை அவன் கைப்பிடியில்.
ரப்பர் நீண்டு நீண்டு, தயங்கி,
பிறகுதான் அவன் எடை வந்து சேரும்
என் தொடைக்கு.
வளைவுக்கு ஒருவராக மாற்றி மாற்றி இழுத்தோம்.
செங்குத்தில் எல்லோரும் இறங்கித் தள்ளினோம்.

நாலாவது வளைவில், முதுகுக்குப் பின்னே,
"நாயை அவள் கொண்டுபோய்விட்டாள்" என்றான்.
எனக்கு மூச்சு வாங்கியது.
"ம்" என்றேன். அவ்வளவுதான் முடிந்தது.
அவன் அதற்கப்புறம் இரண்டு கிலோமீட்டர் பேசினான்.
ட்யூப் நடுவில் இருந்ததாலோ என்னவோ,
முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

உச்சியில் காட்சி இல்லை.
ஜூலையிலும் அழுக்குப் பனிச்சுவர்,
பால்போல் மூடுபனி,
ஸாஸா நீட்டிய நசுங்கிய வால்நட் கேக்.
இதற்காகவா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.
குவான்ட்சா சிரிக்கத் தொடங்கினாள், நிறுத்தவே முடியவில்லை.

இறக்கத்துக்கு மிதி வேண்டாம்.
மாமுகா முடிச்சை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான்.
பனிக்குள் அவன் கூவல் மட்டும் கேட்டது,
வளைவுக்கு வளைவு தாழ்ந்து, தாழ்ந்து.
பிரேக்கை நெரித்தபடி நாங்கள் பின்னால்.
என் இருக்கையில் அவிழ்க்க மறந்த ட்யூப்
சரளையில் அடித்துக்கொண்டே வந்தது.

கீழே பாலத்தில் நின்றிருந்தான்,
முகமெல்லாம் சேறு, பல் மட்டும் வெள்ளை.
பாலத்துக்கு அப்பால்
சாலை மறுபடியும் ஏறியது, ஒமாலோவரை.
ஒன்றும் சொல்லாமல்
கையை நீட்டினான், ட்யூபுக்கு.